எட்டாவது பலகை

ஆறாயிரத்து இருநூற்று நாற்பது. பூனைக்கண் மேஸ்திரி எனக்குத் தரவேண்டிய மூன்று வாரக் கூலி. நம்பாதவர்கள் நம்பவேண்டாம். அன்றிரவு அந்தத் தெருவில் ஏணிமேல் நின்றவன் நான்தான்.

பல வருஷமாக ஆளில்லாத தெரு. கதவுகளைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். தெருவுக்குப் புதுப்பெயர் வைக்கக் காலையில் பெரிய மனிதர்கள் வருகிறார்கள். அதற்குள் வாசல்களின் மேலிருந்த பழைய மரப்பலகைகள் போயாக வேண்டும்.

"எண்ணி ஏழு பலகை. கழட்டிட்டு வா, காலைல மொத்தக் காசும் உன் கையில," என்றார் மேஸ்திரி.

"நீங்க வரலையாண்ணே?"

"நான் எதுக்கு? யோவ்... எதையும் படிக்காத."

கேலி என்று நினைத்தேன். நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றவன் நான். வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். சிமென்ட் மூட்டையைக்கூடப் படிக்காமல் விடமாட்டான் என்று கூட்டாளிகள் சிரிப்பார்கள்.

இரவு 11.40. முதல் பலகை. டார்ச் அடித்து எழுத்துக் கூட்டினேன். "பூட்டுக்காரர் வீடு."

"ம்..."

செங்கலுக்குப் பின்னாலிருந்து.

எலி என்று சொல்லிக்கொண்டேன். எலி 'ம்' கொட்டுமா என்று யோசிக்கவில்லை.

11.55. "மெத்தைக்காரர் வீடு."

"யாரு... நம்ம பையனா? இதோ வர்றேன்." பெண் குரல்.

ஓடியிருக்கலாம். வாடகை பாக்கி. நாளைக்குத் தராவிட்டால் சாமானைத் தெருவில் வைப்பேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினேன்.

மூன்றாவது பலகை சூடாக இருந்தது. அந்தக் குளிரில். துண்டையும் மீறி வாய் முனகியது. "கடிகாரக்காரர்..."

உள்ளே தாழ்ப்பாள் விலகியது.

12.50. ஏழும் கழற்றியாயிற்று. எனக்குப் பின்னால், வீடு வீடாக, செங்கலை யாரோ உள்ளிருந்து சுரண்டினார்கள்...

கடைசி வாசலில் இன்னொரு பலகை.

ஏழுதானே?

தொட்டேன். பெயிண்ட் விரலில் ஒட்டியது.

"பூ... னைக்... கண்."

சுரண்டல் நின்றது.

"கூப்பிடு."

ஏழு வீட்டிலிருந்தும். ஒரே நேரத்தில்.

"கூப்பிடு... விட்டுடறோம்."

மணி 1.12.

கூப்பிட்டேன்.

காலையில் மேஸ்திரி வரவில்லை. அவர் வீடு அங்கிருந்து எட்டு மைல். போய்ப் பார்த்தேன். அவர் மனைவி வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஒண்ணே காலுக்குள்ள இருக்கும். யாரோ வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. உன் குரல் மாதிரியே இருந்துச்சுப்பா. கதவத் திறந்துட்டுப் போனவருதான்..."

இன்றுவரை ஆள் வரவில்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் அந்தத் தெருமுனை டீக்கடைக்காரர் வாய் திறந்தார். "முப்பது வருஷம் ஆச்சு. இந்தத் தெரு ஜனங்களே இங்க இருக்கக்கூடாதுன்னு ஒரு கூட்டம் ராத்திரில தீப்பந்தத்தோட வந்துச்சு. வேத்தாளுக்கு எவனும் கதவத் திறக்கமாட்டான். அதனால அதே தெருப் பையன் ஒருத்தன் முன்னால போனான். வீடு வீடாப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். நம்ம பையன்னு திறந்தாங்க. ஏழு வீடு."

"அந்தப் பையன்?"

"கடைசி வீடு. பூனைக்கண்ணு."

மேஸ்திரியின் மனைவி ஒரு கவர் கொடுத்தனுப்பினார். அன்றிரவே மேஸ்திரி எண்ணி எடுத்து வைத்ததாம். ஆறாயிரத்து இருநூற்று நாற்பது, சரியாக. திருப்பி அனுப்பிவிட்டேன். வாடகைக்காக அப்போதே அடகுக்குப் போன என் மனைவியின் தோடு இன்னும் மீளவில்லை.

கூலி நோட்டில் அவர் பெயருள்ள வரியை அடித்தேன். வாயை இறுக மூடிக்கொண்டு.