இழுத்துப் பார்த்த பை

பை தைக்கும் கம்பெனியில் அவளுக்குப் பெயரே கிழிப்பக்கா. முதுகில் மாட்டும் பெரிய பைகளில் கட்டுக்கு ஒன்றை உருவிப் படாத பாடு படுத்துவதுதான் உத்தியோகம். மணல் மூட்டையை உள்ளே திணித்துக் கொக்கியில் தொங்கவிடுவாள், வெடுக் வெடுக்கென்று இழுப்பாள், தோள்வாரின் அடித்தையலை நகத்தால் நோண்டுவாள். தாக்குப்பிடித்தால் அந்தக் கட்டு விற்பனைக்குப் போகும். இழுத்துப் பார்த்த பை மட்டும் போகாது. வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே நூல் நைந்திருக்கும். இரண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுவாள். அதில் தாட்சண்யமே கிடையாது.

அப்பேர்ப்பட்டவளின் ஒரே மகள் வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றப் போகிறாளாம். எத்தனை வருஷம் என்று கேட்டால் சிரிக்கிறாள். இரண்டு செட் துணி, ஒரு போர்வை, ஒரே பை. அவ்வளவுதான் குடித்தனம்!

"நீ பார்த்துச் சொல்லும்மா. நீ சரின்னா நாளைக்குக் கிளம்பறேன். இல்லன்னா நல்ல பை கிடைக்கிறவரைக்கும் இருக்கேன்" என்று புதுப் பையை நீட்டிவிட்டுக் கடைக்குப் போனாள்.

அம்மா பையை மடியில் போட்டுக்கொண்டாள். புரட்டிப் பார்த்தாள். கெட்டித் துணி. ஜிப் வழுக்கிக்கொண்டு ஓடியது. வார் சேரும் இடத்தில் குறுக்குத்தையல் வேறு போட்டிருந்தான், பாவி! தண்ணீர் கேனை உள்ளே இறக்கி, ஜன்னல் கம்பியில் மாட்டி, வாரைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்தாள். கிழிந்து தொலையேன்! கம்பெனியில்கூட அப்படி இழுத்ததில்லை. உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

திரும்பி வந்த மகள் ஜன்னலைப் பார்த்தாள். "என்னம்மா, தேறுமா?"

தேறாது என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவாள். இப்போது அது பொய்கூட இல்லை. ஆனாலும் வாய் வரவில்லை.

"நல்ல பைதான்டி, நான் தொடறவரைக்கும். கிழியட்டும்னுதான் இழுத்தேன். இனிமே தையல் எங்க விடும்னு சொல்ல முடியாது. இதே மாதிரி வேற ஒண்ணு வாங்கிக்க."

மகளின் முகம் சுருங்கிப்போனது. "போகாதேன்னு சொல்றதுதானே? பைகிட்ட ஏன் மல்லுக்கட்டற?"

"சொன்னா கேப்பியா?"

மகள் கேனை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். "வேற வேணாம். இதையே எடுத்துட்டுப் போறேன்."

"ஐயோ, வழியில அறுந்துடும்டி!"

"அறுந்தா வந்துடறேன்."

"அறுந்தாத்தான் வருவியா?" என்றாள் அம்மா. மகள் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.