வாப்பாவுக்குப் பெரிதாகிப்போன குடை

நானும் வாப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவரை நிறுத்துப் பார்த்தது. நோன்புப் பெருநாள் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, கற்பிட்டியில் நெய்னார் மாமாவின் கருவாட்டுக் கடைக்குப் போனோம். தலைக்கவசம், இருக்கைப் பட்டி, முதுகில் பராகிளைடர் பை, எல்லாவற்றோடும் வாப்பா தராசில் ஏறி நின்றார். எழுபத்து நான்கு கிலோ.

"முத்தலிபு, கருவாடுதான் காயக் காய எடை கொறையும். ஒனக்கு என்ன வந்த?" என்றார் நெய்னார் மாமா.

வாப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருடைய பராகிளைடருக்குக் குறைந்தது எண்பது வேண்டும்.

வாப்பா கடலோரக் களப்பில் மீட்புப் படகு ஓட்டினார். பட்டம் இழுக்கப் பலகையில் நின்று தண்ணீரில் கைட் ஓட வரும் வெளிநாட்டுக்காரர்கள் தண்ணீரில் விழுந்தால் தூக்கி வருவது அவர் தொழில். அவர்களில் ஒருவர்தான் அவருக்குப் பறக்கப் பழக்கினார். எங்கள் ஊரில் மலை இல்லை. அதனால் நீளக் கயிற்றை வின்ச் என்ற இழுவை இயந்திரத்தில் சுற்றி இழுத்து ஆளை மேலே ஏற்ற வேண்டும். நான் நுரைச்சோலை மின்நிலையத்தில் அளவுக்கருவிகள் பார்க்கிறவள். வின்ச்சைச் செய்ததும் இயக்கியதும் நான். தலைக்கு மேல் துணி விரிந்து ஆளைச் சுமந்து பறக்கும் பராகிளைடரை உம்மா குடை என்றார். எங்களுக்கும் அதுவே பெயராயிற்று.

ஒருவர் மட்டும் பறக்கும் குடை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கானதல்ல, போட்டிக்கானதுமல்ல. இரண்டுக்கும் நடுவில் உள்ள வகை. ஒரே குடை ஸ்மோல், மீடியம், லார்ஜ் என்று வரும். வாப்பாவுடையது மீடியம். ஆளின் உயரம் கணக்கில்லை. சாமான்களோடு சேர்ந்த எடைதான் கணக்கு. எடை குறைந்தால் துணி தளரும், காற்று அடிக்கும்போது ஓரம் மடியும், எதிர்க்காற்றில் முன்னே போகாது. நோன்பு தொடங்குவதற்கு முந்திய வாரம் அப்படித்தான் காற்று வாப்பாவைப் பின்னுக்குத் தள்ளிக் களப்பில் போட்டது. படகில் அவருக்கு உதவியாக இருந்த ரிஃபாஸ் தூக்கி வந்தான். மீட்புப் படகுக்காரனையே மீட்க வேண்டியதாயிற்று என்று கடற்கரை முழுக்கப் பகிடி.

நோன்பில் இறங்கும் எடை பெருநாள் சாப்பாட்டில் ஏறும் என்று வாப்பா சொல்லிக்கொண்டிருந்தார். ஏறவில்லை. தராசிலிருந்து இறங்கியதும் டொக்டரிடம் போவோம் என்றேன். அவருக்கு வேறு கணக்கு இருந்தது. சிலாபத்தில் பறக்கும் ஃபாஹிமிடம் அதே குடையில் ஸ்மோல் இருந்தது. கலியாணம் முடித்த பிறகு ஃபாஹிம் பெருத்துவிட்டான். அவனுக்கு மீடியம் தேவை. ஆளுக்காள் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று பலத்துவிட்டால் பிறகு மாதக்கணக்கில் பறக்க முடியாது. அதற்கு முன் ஒருமுறையாவது ஏற வேண்டும் என்பதே வாப்பாவுக்கு எல்லாம்.

"சனிக்கிழம குடை, திங்கக்கிழம டொக்டர். சரியா மகள்?"

சனிக்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு இரத்தமாக வாந்தி எடுத்தார். புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரைப்பையில் கட்டி, ஈரலுக்கும் பரவியிருந்தது. வெட்டி எடுக்கும் நிலை தாண்டிவிட்டது என்றார்கள்.

ஐந்தாறு வாரம் கழித்து வார்டில் ஒருநாள் தாதி அவரை நிறுத்தார். ஐம்பது. வாப்பா கண்ணை மூடிக்கொண்டு சாமான்களின் பதினான்கு கிலோவைக் கூட்டினார். ஸ்மோல் தொடங்குவது அறுபத்தைந்தில்.

"ஸ்மோலுக்கும் ஒரு கிலோ காணாது. அதுக்குக் கீழ ஒண்டு ஈக்கா மகள்?"

"ஓம் வாப்பா. எக்ஸ்ட்ரா ஸ்மோல்."

"எத்தினையில தொடங்குது?"

"அம்பத்தஞ்சுல."

"அப்ப காணும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஃபாஹிமுக்கு வேணாமெண்டு செல்லிராத. வெச்சிரிக்கச் செல்லு. நான் வந்து மாத்துறன்."

சொன்னேன். ஃபாஹிம் சரி என்றான். அடுத்த வெள்ளிக்கிழமை விடியும் நேரம் வாப்பா மௌத்தானார்.

ஜனாஸாவுக்கு ஃபாஹிம் வந்தான். குடையைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. இப்போது கச்சான் அடிக்கிறது. சிலாபத்துக்குக் கொண்டுபோவதற்காக வாப்பா மடித்துக் கட்டிய மீடியம் வீட்டில் இருக்கிறது. ஸ்மோல் ஃபாஹிமிடமே இருக்கிறது.