தர்பூசணிக் கொல்லையும் ஏரிக்கரையும்

ஐம்பதுகளின் நடுவில், செங்கல்பட்டிலிருந்து படாளத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு நான் மருமகளாகப் போனேன். அங்கே ஏரி இருந்தது, தண்ணீர் இல்லை. நாலு வருஷம் முன்பு ஒரு பெருமழையில் கரை உடைந்துபோய், யாரும் கட்டாமல் விட்டிருந்தார்கள். ஏரிக்குக் கீழே நெல் வயல்கள் தரிசாய்க் கிடந்தன. என் மாமனார் ஏரிக்குள்ளேயே உழுது தர்பூசணி போட்டிருந்தார்.

அந்த மாசியில் கரை கட்ட ஓவர்சியர் வந்தார். உடைப்பை அடைக்க ஏற்ற களிமண் ஏரிக்குள் இருந்த எங்கள் தர்பூசணிக் கொல்லையில்தான் இருந்தது.

“எல்லாம் பிஞ்சா கீது சார். இப்ப வெட்டுனா இன்னா ஆவறது?” என்றார் மாமனார்.

“ஏரிக்குள்ள பயிர் வெச்சதே தப்பாச்சே” என்றார் ஓவர்சியர்.

மாமனார், ஓவர்சியர் நட்ட அளவுக் குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. சோறு போட்டுக்கொண்டே மாமியார் சொன்னார்: “கீழ நம்ம நெலம் மூணு காணி காஞ்சிகினு கீது. நீ மேல பழத்துக்குக் காவல் காத்துகினு கீற.”

மறுநாள் காலை மாமனார் தானே போய்க் குச்சியை நட்டார். “மூணு வாரம் குடுங்க சார். பழுத்ததும் நானே மண்ணு வெட்டித் தர்றேன்.”

ஓவர்சியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வேலையைக் கரையின் மறுகோடியிலிருந்து தொடங்கினார்.

மாமனார் சொன்னபடி செய்தார். பழுத்த அன்று மண் சுமந்த அத்தனை பேருக்கும் பழத்தை அரிந்து கொடுத்தார். பிறகு கொடியைச் சுருட்டி ஓரம் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார். நானும் மாமியாரோடு கூடை தூக்கினேன். அதுவரை தண்ணீர்க் குடம் தவிர எதையும் சுமந்திராத என் கழுத்து ஒரு வாரம் திரும்பவில்லை. பக்கத்தில் சுமந்த பெண்கள் சும்மாடு கட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் கட்டியதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கார்த்திகையில் ஏரி நிரம்பியது. மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்தபோது ஊரே போய்ப் பார்த்தது. மாமனார் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, புதுக் கரையைக் காலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

“தாங்குமா மாமா?” என்று கேட்டேன்.

“நம்ம கொல்ல மண்ணாச்சே” என்றார்.

பங்குனியில் அறுத்த நெல்லைக் கொட்ட வீட்டில் இடமில்லை. எங்கள் அறையையும் கொடுத்துவிட்டு, நானும் என் வீட்டுக்காரரும் பத்து நாள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் கட்டில் போட்டுப் படுத்தோம். எனக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை.