ஆறு வருஷமாக ஆடாத ஆட்டம்

தனகோட்டி எங்கள் கன்வேயர் கால்பந்து அணியின் கோலி, அதாவது கோல்கீப்பர். சுரங்கத்தில் பெல்ட் ஓடுகிற இடத்தில் இருபத்தெட்டு வருஷ வேலை. அடுத்த மே மாதம் ரிட்டயர்மென்ட். நான் கலியமூர்த்தி, அவனுக்கு முன்னால் நின்று பந்தைத் தடுக்கும் பேக். பன்னிரண்டு வருஷமாக அவனைத் தோல்வியிலிருந்து காப்பாற்றி வருகிறேன். இதை அவன் எங்கேயும் சொன்னதில்லை என்பதால் நானே சொல்லிவைக்கிறேன்.

நகரியத்தில் நாற்பத்தைந்தைத் தாண்டிய ஊழியர்களுக்கென்று வருஷாவருஷம் கால்பந்துப் போட்டி நடக்கும். அதில் தனகோட்டிக்கு ஒரே ஒரு எதிரிதான்: ஒர்க்ஷாப் அணியின் ஃபார்வர்ட் செங்குட்டுவன். இருவரும் கோலுக்கு முன்னால் திட்டிக்கொள்வதைக் கேட்கவே கூட்டம் வரும். ஆட்டம் முடிந்ததும் தோற்றவன் ஜெயித்தவனைச் சைக்கிள் கேரியரில் ஏற்றி, அவன் குவார்ட்டர்ஸ் வரை மிதித்துக்கொண்டு போய் விட வேண்டும். அது அவர்கள் இருவரும் வைத்துக்கொண்ட வழக்கம்.

ஆறு வருஷத்துக்கு முன்பு அணிகள் ஆறிலிருந்து பன்னிரண்டாயின. கமிட்டிக்காரர்கள் இரண்டு பிரிவாக வெட்டினார்கள். நாங்கள் ஒன்றில், ஒர்க்ஷாப் இன்னொன்றில். இனி சந்திக்க வேண்டுமென்றால் இரண்டு அணியும் பிரிவைத் தாண்டி மேலே வர வேண்டும். நாங்கள் வந்த வருஷம் அவர்கள் வரவில்லை, அவர்கள் வந்த வருஷம் நாங்கள் வரவில்லை. நடுவில் கொரோனா வேறு.

அதையாவது தனகோட்டி பொறுத்துக்கொண்டான். செங்குட்டுவனின் பிரிவில் எலக்ட்ரிக்கல் அணியின் கோலி சாதிக் அலி இருந்ததைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. அவர்கள் வருஷம் தவறாமல் மோதினார்கள். போன வருஷம் ஒரு சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, சாதிக் அலி மூச்சிரைக்க மிதிக்க, கேரியரில் செங்குட்டுவன் காலை ஆட்டிக்கொண்டு போவதைப் பார்த்தோம்.

"பாத்தியா, எப்புடி ஒக்காந்துகினு போறான்னு! யாரு சைக்கிளு அது?"

"போனா போறான், வுடுய்யா."

"அது நாங்க வெச்ச வழக்கம்யா. அத எப்புடி அந்தாளுக்குச் சொல்லிக்குடுக்கலாம்?"

அன்று இரவு அவன் சோற்றைத் தொடவில்லையாம். "நான் கோவிச்சிக்கினு அம்மா வூட்டுக்குப் போனப்பகூட நல்லாத்தாங்க சாப்ட்டாரு" என்று அவன் மனைவி மலர்கொடி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

இந்த வருஷம்தான் அவனுக்குக் கடைசி. ரிட்டயர் ஆனவர்களுக்குப் போட்டியில் இடமில்லை. "போறதுக்குள்ள அவங்கூட ஒரே ஒரு ஆட்டம் ஆடிடணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எங்கள் பிரிவில் நாங்கள் முதலிடம், அவர்கள் பிரிவில் ஒர்க்ஷாப் முதலிடம். பாக்கி ஒரு ஆட்டம். அரையிறுதியில் ஒரு பிரிவின் முதல் அணி, மற்ற பிரிவின் இரண்டாம் அணியோடு ஆடும். இரண்டு அணியும் முதலிடத்திலேயே நின்றால் ஃபைனலில்தான் சந்திக்க முடியும், அதற்கும் இரண்டு அணியும் அரையிறுதியில் ஜெயிக்க வேண்டும். அந்த ஃபைனலை நம்பித்தான் ஆறு வருஷம் போயிருந்தது.

கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் இரண்டு மைதானங்களில் நடந்தன. எங்களுக்கு எதிரே ஸ்டோர்ஸ் அணி. டிரா செய்தாலே முதலிடம். முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு பந்து பூசணிக்காய் உருண்டு வருகிற மாதிரி வந்தது. தனகோட்டி விழுந்தான், பந்து வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக. தோற்று இரண்டாமிடத்துக்கு இறங்கினோம்.

"வேணும்னுதான் வுட்டேன்" என்று என் காதில் சொல்லிச் சிரித்தான். "இப்ப அரையிறுதியில செங்குட்டுவன்தான்."

அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். நான் கையை ஓங்குவதற்குள் இன்னொரு மைதானத்திலிருந்து போன் வந்தது. ஒர்க்ஷாப்பும் தோற்றுவிட்டது. செங்குட்டுவன் பெனால்டியை வெளியே அடித்துவிட்டான். முதலிடம் சாதிக் அலியின் எலக்ட்ரிக்கலுக்கு.

தனகோட்டியின் முகம் கறுத்தது. "சாதிக்குக்கு வுட்டுக்குடுத்துருக்கான் பாரு" என்றான். அரையிறுதியில் சாதிக் அலியின் அணியிடம் இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். ஒர்க்ஷாப்பும் ஸ்டோர்ஸிடம் தோற்று வெளியேறியது. தனகோட்டியின் ஆட்டம் அதோடு முடிந்தது.

மறுநாள் என்னோடு டீக்கடைக்கு வந்த தனகோட்டி, அங்கே செங்குட்டுவனைப் பார்த்ததும் பாய்ந்தான்.

"ஏன்டா பெனால்டிய வெளிய அடிச்ச? சாதிக்குக்கு மொதல் எடம் குடுக்கவா?"

"அவனுக்கு எதுக்குடா நான் குடுக்கணும்? நீ மொதல் எடத்துல இருந்த. நான் ரெண்டாவதா வந்தாத்தான ஒங்கிட்ட வர முடியும்? நீ என்னான்னா ஸ்டோர்ஸ்காரங்கிட்ட கோல வாங்கிகினு நிக்கிற. கையி என்னா, கழண்டு வுழுந்துடுச்சா?"

தனகோட்டி டீ கிளாசைக் கீழே வைத்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "நானும் ஒனக்காவத்தான்டா வுட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அறிவு கெட்டவனே" என்றான் ஒருவன். "நீதான்டா" என்றான் மற்றவன். சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. இனி அந்த ஆட்டம் கிடையாது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

இரண்டு அணிகளின் உழைப்பையும் குப்பையில் போட்டவர்கள் இவர்கள். எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. பக்கத்தில் டீ கிளாசோடு நின்ற என்னை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னோடு ஆட வேண்டும் என்பதற்காக இதுவரை எவனும் தோற்றதில்லை.