பின்தலையில் வைத்த கை

எனக்கு வாய் அதிகம். தெருவுக்கே தெரியும். என் வீட்டுக்காரர் தொகுஜிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். இந்தத் துறைமுக ஊரில் நாற்பது வருடமாகச் சலவைக்கடை வைத்திருக்கிறேன். யார் சட்டையில் என்ன கறை என்பதிலிருந்து யார் வீட்டில் என்ன சண்டை என்பது வரை என் காதுக்கு வந்துவிடும். இப்போது சொல்லப்போவது பக்கத்து வீட்டு நொபுயோவின் கதை. நடுவில் என் மானக்கேடும் வரும். அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது, எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று.

நொபுயோ இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட மதிய உணவுச் சமையல்கூடத்தில் வேலை பார்த்தவள். துடுப்பு மாதிரி ஒரு கரண்டியால் எண்ணூறு பிள்ளைகளுக்கு சூப் கிண்டிக் கிண்டி வலது தோள் இறங்கிப்போனது. சொந்தப் பிள்ளை இல்லை. புருஷன் இறந்துபோய் ஒரு வருடம் ஆனபின் ஒருநாள் கடைக்கு வந்து, "தமாயோக்கா, நான் பிள்ளை வளர்க்கப் போறேன்" என்றாள்.

"இந்த வயசுல உன்னை எவன்டி கட்டிக்கப் போறான்?"

"போக்கா! வீடில்லாத பிள்ளைங்களை வச்சு வளர்க்குறதுக்கு எழுதிக் குடுத்திருக்கேன்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மூன்று வருடத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகளை வளர்த்துத் திருப்பி அனுப்பினாள். அப்புறம் அதற்கும் மேலே ஒரு பயிற்சி. அடிபட்டு, பட்டினி கிடந்து, யாரையும் நம்பாமல் போன பிள்ளைகளை வைத்துக்கொள்வதற்குத் தனிப் படிப்பாம். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு என் கடை பெஞ்சில் உட்கார்ந்து படிப்பாள். ஒரு வாரம் விடுதியில் போய்த் தங்கிவிட்டும் வந்தாள்.

"மொதப் பாடமே என்ன தெரியுமாக்கா? பிள்ளை என்ன செஞ்சுதுன்னு குதிக்காதே, ஏன் செஞ்சுதுன்னு கேளு. கேக்காம மன்னிப்புக் கேக்க வைக்காதே."

"அப்ப நம்ம தெருவுல குடித்தனமே பண்ண முடியாதே!" என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரிப்பு வராமல் என்ன செய்யும்? எங்கள் தெருவில் ஒரு பிள்ளை கண்ணாடியை உடைத்தால், சில்லைக் கூட்டி அள்ளுவதற்குள் அதன் அம்மா மன்னிப்புக் கேட்க இனிப்புப் பெட்டியோடு வாசலில் நிற்பாள். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கை பிள்ளையின் பின்தலையில். ஒரே அமுக்கு. இரண்டு தலையும் சேர்ந்து குனியும். உடைத்தது யார் என்ற பேச்சே அதற்கப்புறம்தான். என் அம்மாவின் உள்ளங்கைச் சூடு இன்னும் என் பிடரியில் இருக்கிறது.

ஷிஹோ வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வருடத் தவணை. முடிந்ததும் நலத்துறை அலுவலர் வந்து பார்த்து, இருக்கட்டும் என்றால் இருக்கலாம், இல்லையென்றால் வேறு இடம். வந்த புதிதில் கையில் எப்போதும் கத்திரிக்கோல். திரைச்சீலை, புத்தகப்பை, எதிர்வீட்டு மீன்வலை எல்லாவற்றையும் வெட்டினாள். சோற்று உருண்டைகளைத் துணி அலமாரியில் ஒளித்துவைத்து நாறடித்தாள். நொபுயோ திட்டவில்லை. ஒரு தகர டப்பாவில் ஷிஹோவின் பெயரை எழுதி, தினம் காலையில் அரிசி முறுக்கு போட்டு நிரப்பி அலமாரியில் வைத்தாள். "இது உன்னுது. யாரும் எடுக்க மாட்டாங்க" என்றாள். அவ்வளவுதான். எட்டு மாதம் கழித்து அந்தப் பெண் தானாகவே கத்திரிக்கோலைக் கொண்டுவந்து சமையலறை இழுப்பறையில் போட்டாளாம். நொபுயோ ஓடிவந்து என்னிடம் சொல்லி அழுதாள். ஆகவே அவள் வெட்டுவதை விட்டுவிட்டது எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொல்லவே முடியாது.

தவணை முடியும் அந்த நவம்பரில், வழக்கம்போல காகி என்ற ஆரஞ்சு நிறத் துவர்ப்புப் பழங்களைத் தோல் சீவிக் கயிற்றில் கோத்துக் கூரை இறவாணத்தில் காயப் போட்டிருந்தேன். எண்பது பழம். ஒருநாள் காலையில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. அறுபட்ட கயிறுகள் மட்டும் தொங்கின. நேர் வெட்டு.

தெருவில் நின்று கத்தினேன். "வேற யாரு? எல்லாம் அந்தக் கத்திரிக்கோல் மகாராணிதான்! ஊரான் வீட்டுப் பிள்ளையைக் கொண்டாந்து நடுத்தெருவுல வச்சா இப்படித்தான் ஆகும்!"

சுவர் மெல்லிசு. ஒரு மணி நேரத்தில் நொபுயோ வந்துவிட்டாள். கையில் செஸ்ட்நட் பூரணம் வைத்த பன் பெட்டி. பக்கத்தில் ஷிஹோ.

"நான் இல்ல" என்றது பெண்.

"குனி."

"நான் செய்யல."

"குனின்னு சொல்றேன்ல!" நொபுயோவின் கை அவள் பின்தலைக்குப் போனது. அமுக்கினாள். முடி இரண்டாகப் பிரிந்து அந்தப் பெண்ணின் பிடரி தெரிந்தது. காதுகள் சிவந்துபோயிருந்தன. நான் பெரிய மனுஷி மாதிரி, "பரவால்ல, பரவால்ல, சின்னப் பிள்ளைதானே" என்று சொல்லிப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் தேநீரோடு பெட்டியைத் திறந்தேன். தொகுஜி ஒரு பன்னைக்கூட எடுக்கவில்லை. தலை தொங்கிப்போயிருந்தது.

"என்னங்க, உடம்புக்கு என்ன?"

"பழத்தைக் கொதிநீர்ல முக்கி எடுத்துக் கட்டச் சொன்னியே... நான் முக்கல. மறந்துட்டேன். அத்தனையும் பூசணம் புடிச்சுப்போச்சு. நீ கத்துவியேன்னு நான்தான் அறுத்துத் தோட்டத்துல புதைச்சேன்."

கடித்த பன்னைப் பெட்டியிலேயே திருப்பி வைத்தேன்.

"நானே போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?" என்று கேட்டார் அந்த மனிதர்.

"வாயை மூடிக்கிட்டு இருங்க. தெருவே கேக்கக் கத்தியிருக்கேன். என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

சொன்னது நான்தான். இதே வாய்தான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அந்தப் பெட்டியில் மிச்சமிருந்ததை நானே தின்றேன். வீணாகப் போகக்கூடாதாம்! வெட்கங்கெட்டவள்.

பதினோரு நாள். பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை. நடுவில் ஒரு மத்தியானம் நொபுயோ குளிர்கோட்டைச் சலவைக்குக் கொண்டுவந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"மேசையில உக்காந்து சாப்பிட மாட்டேங்குறாக்கா. டப்பாவைத் தொடறதில்ல. அலமாரியில மறுபடி சோறு நாறுது. நீ செஞ்சியான்னு ஒரு வார்த்தை நான் கேக்கல. அவ செய்யலன்னு ரெண்டு தடவை சொன்னா. அப்பவும் எனக்கு உங்க வாசல்தான் பெருசாத் தெரிஞ்சுது. அத்தனை படிச்சு என்ன பிரயோஜனம்? புதன்கிழமை அலுவலர் வராங்க. இவளை என்கிட்ட வைக்காதீங்க, நான் அதுக்கு லாயக்கு இல்லன்னு நானே சொல்லிடப் போறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கோட்டில் சீட்டைக் குத்தி, "சனிக்கிழமை வந்து வாங்கிக்கோ" என்றேன். அதுதான் என் வாயிலிருந்து வந்தது.

புதன்கிழமை காலை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அலுவலரின் வெள்ளைக் கார் வந்து நின்றது. என்னால் ஒரு சட்டையை முடிக்க முடியவில்லை. காலரிலேயே இஸ்திரிப்பெட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அணைத்துவிட்டு, ஏப்ரனோடு, வெறுங்கையோடு போனேன். எங்கள் தெருவில் யாரும் மன்னிப்புக் கேட்க வெறுங்கையோடு போனதில்லை.

கதவைத் தட்டாமலே உள்ளே போய்விட்டேன். சமையலறை மேசையைச் சுற்றி நொபுயோ, ஷிஹோ, அலுவலர் நிஷிதானி என்ற இளம்பெண். அவள் எதிரே காகிதங்கள். நொபுயோ பாதி பேசிக்கொண்டிருந்தாள். நான் தரையில் மண்டியிட்டு நெற்றி படக் குனிந்தேன்.

"பழத்தை அறுத்தது என் வீட்டுக்காரர்மா. இவ இல்ல. அன்னைக்கே எனக்குத் தெரியும். பதினோரு நாளாத் தெரியும்."

நொபுயோவின் முகத்தை நான் பார்க்கவில்லை, தைரியம் இல்லை. ஷிஹோதான் பேசினாள். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் சுருக்கென்று குத்தியது.

"அவரு குனிஞ்சாரா?"

"என்னம்மா?"

"அவருதானே செஞ்சாரு. அவரு குனிஞ்சாரா?"

எழுந்து ஓடினேன். தொகுஜி கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். ஒரு கால் செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது. வாசலுக்கு வந்து நின்ற அந்தப் பெண்ணுக்கு எதிரே நிறுத்தினேன். அறுபத்தெட்டு வயது மனிதர் ஒற்றைச் செருப்போடு நின்றார். என் கை தானாக எழுந்து அவர் பின்தலைக்குப் போனது.

"அத்தை, தள்ளாதீங்க" என்றாள் ஷிஹோ. "அவரே குனியட்டும்."

கையை எடுத்தேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொகுஜி மெதுவாக, தானாக, இடுப்பு வரை குனிந்தார். "என்னாலதாம்மா. உன்னை மாட்டிவிட்டுட்டேன்" என்றார். உள்ளே நொபுயோ மேசையில் முகம் கவிழ்ந்து விம்மிக்கொண்டிருந்தாள்.

ஷிஹோ திரும்பி மேசைக்கு வந்ததும் நிஷிதானி மெல்லக் கேட்டாள், "ஷிஹோ, நீ எங்க இருக்கணும்னு நினைக்கிற? நீதான் சொல்லணும்."

அந்தப் பெண் நொபுயோவைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே சொன்னாள். "இங்கயே. ஆனா என் தலையில கை வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டேன்" என்றாள் நொபுயோ. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள், எண்ணூறு பிள்ளைகளுக்கு சூப் கிண்டிய கைகளை.

இதெல்லாம் நடந்து மூன்று வருடமாகிறது. ஷிஹோ இப்போது மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருடம். பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். நவம்பரில் தொகுஜியும் நானும் பழங்களைக் கொதிநீரில் முக்கிக் கட்டுகிறோம். அவள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "மாமா, முக்கினீங்களா?" என்று கேட்டுச் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். என்னிடம் அவள் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். மூன்று வருடமாக வணக்கம் மட்டும்தான்.