படுத்துவிடுவேன் என்று சபதம் செய்தவர்

“என் பொண்டாட்டி என்னைவிட ஒரு காசு அதிகமா சம்பாதிக்கட்டும், அன்னைக்கே நான் படுத்த படுக்கையாயிடுவேன்!”

லிஃப்ட் பழுதுபார்க்கும் நம் நாயகர், பணிமனையில் டீ கிளாஸை உயர்த்திப் பிடித்து இப்படிப் பிரகடனம் செய்தார். கேட்டவர்கள் ஐந்து பேர். நால்வர் கைதட்டினர், ஐந்தாமவர் கையில் பன் இருந்தது.

மறுமாதமே, ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அவர் மனைவி அந்தக் கூடத்துக்கே தலைவியானார். சம்பளம் கணவரைத் தாண்டியது.

வீரர் படுக்கவில்லை, பந்தயத்தில் குதித்தார். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம், லீவு போட்டவன் வேலையும் தன் தலையில். மூன்றே மாதத்தில் மனைவியை எட்டிப் பிடித்தார். தலைசுற்றல் அவரை எட்டிப் பிடித்தது. லிஃப்ட் நின்றுபோனால், மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் படியேறித்தானே போக வேண்டும்? மூன்றாம் மாடியிலேயே கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஆள் வந்தால், கைப்பிடி ஆடுகிறதா என்று சோதிப்பதாகப் பாவனை.

ஒருநாள் சமையலறையில் மனைவி அவர் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். நூற்றெண்பது.

“சொன்ன சொல் தவறாத மனுஷன்! படுக்க நாள் குறிச்சாச்சு.”

“உனக்கென்னம்மா, நீ அதிகாரி.”

“சரி, உங்க லிஃப்ட்ல காலிக் கூண்டு கனமா, கயித்துக்கு அந்தப் பக்கம் தொங்குற எடை கனமா?”

“எடைதான். அது இழுக்கிறதாலதானே கூண்டு நோகாம மேல போகுது.”

“அதுக்காகக் கூண்டு ரோஷப்பட்டு என்னைக்காவது ஓவர்டைம் பார்த்துச்சா?”

தொழில் விஷயத்திலேயே தோற்றவர், டாக்டரைப் பார்க்கச் சம்மதித்தார். மறுநாள் டாக்டர் மிச்சத்தைச் சொன்னார்: இந்த ஓட்டம் தொடர்ந்தால் இதயம் நின்றுவிடும்.

ஓவர்டைம் போயிற்று. மாத்திரை விழுங்கினார், காலையில் நடந்தார், ஞாயிறு மதியம் தெருவே கேட்கக் குறட்டை விட்டார். இதற்கிடையில் மனைவிக்கு இன்னொரு சம்பள உயர்வும் வந்தது. வானம் இடிந்து விழவில்லை, பிரஷர்தான் விழுந்தது.

சென்ற வாரம் மனைவியின் ஆஸ்பத்திரி லிஃப்டே நின்றுவிட்டது. கருவிப் பெட்டியோடு நம்மவர் ஏழு மாடி ஏறப் புறப்பட்டார். கூடவே இன்னொரு பெட்டியோடு வந்த, அன்று கையில் பன் வைத்திருந்த ஐந்தாமவர் நாலாம் மாடியில் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணே... இப்ப வீட்ல... யாருக்குச் சம்பளம் அதிகம்?”

“அவளுக்குத்தான். உன் பெட்டியையும் கொடு.”

இரண்டு கைகளிலும் இரண்டு பெட்டிகளோடு ஐந்தாம் மாடிக்கு நடையைக் கட்டினார், படுத்த படுக்கையாக இருந்திருக்க வேண்டியவர்.