வித்துடல் என்று சொன்னவர்கள்

பந்தலுக்குள் மைக் கட்டச் சொன்னது யார் என்று கௌசலாவுக்குத் தெரியாது. அவள் மைக் கேட்கவில்லை. செபம் சொல்ல வரும் பாதருக்கு ஊரையே எழுப்பும் தொண்டை இருக்கிறது. ஆனால் காலையில் ஒரு வாகனம் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். கதிரைகளை இடம் மாற்றினார்கள், படலையில் சிவப்பும் மஞ்சளுமாகத் துணி கட்டினார்கள், பெட்டியின் தலைமாட்டில் ஒரு பெரிய பதாகையையும் நிறுத்திவிட்டார்கள். புருசனைப் பறிகொடுத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்போமே என்ற எண்ணம் ஒருவனுக்கும் வரவில்லை.

பதாகையில் இருந்தது அவளுடைய மனுசன் றெஜினோல்ட்டின் தலை. தலை மட்டும்தான் அவருடையது. அதற்குக் கீழே யாரோ ஒருவருடைய உடம்பு, வரிச்சீருடை போட்டு, இரண்டு காலையும் ஊன்றி விறைப்பாக நின்றது. றெஜினோல்ட்டுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை என்பது தர்மபுரத்தில் கோழிக்குஞ்சுக்கும் தெரியும். அடியில் 'மாவீரன் லெப்டினன்ட் வேந்தன்' என்று எழுதியிருந்தது. வேந்தன் என்பது இயக்கத்தில் அவருக்கு வைத்த பெயர். இயக்கமே இல்லாமல் போன பிறகு இந்தப் பதவியை எந்தக் கந்தோரில் கொடுத்தார்களோ!

தலையை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது. மகள் தேனுகா தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய அன்று எடுத்த படம். வெள்ளைச் சட்டையில் அவள் தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளையை வெட்டி எறிந்துவிட்டார்கள். வெட்டியவனுக்கு அவசரம் போலிருக்கிறது, சீருடைக் கழுத்துப் பட்டிக்குப் பக்கத்தில் அவளுடைய மூன்று விரல்கள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. கௌசலா அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து ஒருத்தி முதுகைத் தடவினாள்.

போர் முடிந்து, தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்த ஆளைத்தான் கௌசலா கட்டினாள். கால் இல்லாதவனா, அதுவும் தடுப்பால் வந்தவனா என்று சொந்தபந்தம் எல்லாம் மூக்கால் அழுதது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொய்க்கால் சைக்கிள் மிதியிலிருந்து வழுக்காமல் இருக்கப் பழைய ரியூப்பைக் கீறி அதைக் கட்டிக்கொண்டு, பின்னால் பிள்ளையை ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார். தலைக்கு இரட்டைப் பின்னல் போட்டு விடுவதும் அவர்தான். முதலில் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று கோணலாக நிற்கும். பிறகு தாயின் கையையே தோற்கடித்துவிட்டார். வயலில் சேறு கண்டால் பொய்க்காலைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு, இருந்த இருப்பில் அரக்கி அரக்கி நகர்ந்து களை பிடுங்குவார். யாராவது கைகொடுக்கப் போனால் சிரித்துக்கொண்டே போகச் சொல்லிவிடுவார்.

பின்னேரத்தில் செபமாலை தவறாது. அடுப்பில் சோறு கொதித்தால் மட்டும் செபம் கொஞ்சம் ஓட்டம் பிடிக்கும். முடிவில் செத்துப்போன ஆமிக்காரப் பெடியளுக்காகவும் ஒரு 'அருள்நிறைந்த மரியே' சொல்வார். கௌசலா அந்த இடத்தில் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். அவளுடைய தம்பியைத் தின்ற சண்டை அது. அதற்காக அவர் அவளைக் கோபித்ததும் இல்லை, செபத்தை விட்டதும் இல்லை.

அந்த மனுசனுக்கு ஊர் செய்தது என்ன? இப்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமுகிறானே சஜீவன், அவனுடைய அரிசி ஆலையில் காவல் வேலை கேட்டுப் போனார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. உங்களை வைச்சிருந்தா சி.ஐ.டிக்காரர் வந்து வந்து விசாரிப்பாங்கள். வியாபாரம் படுத்திடும்" என்று வாசலோடு அனுப்பினான். அதற்குப் பிறகு ரோட்டில் கண்டால் மற்றப் பக்கம் மாறிப் போவான். சிறுநீரகம் பழுதாகி அவர் பாயோடு பாயாகக் கிடந்தபோதும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது ஐயா தேர்தலில் நிற்கிறார். செத்த பிறகு றெஜினோல்ட் அவனுக்கு இனித்துவிட்டார்.

"எங்கட வேந்தன் அண்ணையின்ர வித்துடலை நாங்கள் இண்டைக்கு இந்த மண்ணில விதைக்கப் போறம்" என்றான் சஜீவன், குரலை நடுங்க வைத்து.

இயக்கத்தில் செத்தவரைப் பிணம் என்று சொல்வதில்லை. வித்துடல் என்பார்கள். புதைப்பதும் இல்லை, விதைப்பது. கால் போன பிறகு றெஜினோல்ட்டுக்குக் கொடுத்த வேலை, வந்து சேரும் உடல்களைக் கழுவித் துடைத்து, உடுப்பு மாட்டிப் பெட்டியில் வளர்த்திக் கிடத்துவது. அதைப்பற்றி அவர் கௌசலாவிடம் ஒரே ஒருமுறைதான் வாய் திறந்தார். "எத்தினை பிள்ளையளைக் கழுவினனான். ஒண்டும் முளைக்கேல்லை, கௌசலா." அதற்குப் பிறகு அந்தச் சொல்லை வீட்டில் யார் சொன்னாலும் எழும்பிப் போய்விடுவார்.

இன்றைக்கு அவரால் எழும்பிப் போக முடியாது. கௌசலா எழும்பினாள்.

"நிப்பாட்டும் தம்பி!" கையை நீட்டிக்கொண்டு நேரே போனாள். "இது வித்துமில்லை, விதையுமில்லை. என்ரை மனுசன்ரை பிரேதம். பேர் றெஜினோல்ட். அவரை நாங்கள் சேமக்காலையில அடக்கம் செய்யப் போறம். என்ரை பிள்ளைக்கு உம்மட வேந்தனைத் தெரியாது, அப்பாவைத்தான் தெரியும். அவரைக் கண்டா ரோட்டில மற்றப் பக்கம் போனனீர் எல்லே? இப்பவும் அப்பிடியே போம்!"

"செத்தவீட்டில உப்பிடிக் கத்தலாமே" என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார். காலையில் துணி கட்டியபோது அந்த வாய் எங்கே போயிருந்ததோ. சஜீவனின் ஆட்கள் போனைத் தூக்கிப் பிடித்தபடியே பின்னுக்குப் போனார்கள். பாதர் மைக்கின் வயரை இழுத்துவிட்டு, வெறும் தொண்டையில் செபத்தைத் தொடங்கினார். சேமக்காலையில் நட்ட மரக்குருசில் றெஜினோல்ட் என்ற பெயர் மட்டும் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கௌசலாவுக்கு அழுகை வந்தது. தோற்றுப்போகவில்லை என்ற நினைப்பில் வந்த அழுகை.

அடுத்த நாள் மத்தியானம் தேனுகா போனைக் கொண்டுவந்து நீட்டினாள். திரையில் கௌசலா நின்றாள். தலை குலைந்து, முகம் சிவந்து, கையை நீட்டிக்கொண்டு மெல்ல மெல்ல நடந்தாள். வாய் அசைந்தது. மேலே 'மாவீரன் வேந்தனின் வீரத்துணைவி சூளுரை' என்று எழுதியிருந்தது. கீழே கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கும்பிடும் கைகள், பூக்கள், வீரவணக்கங்கள்.

"நான் சொன்னது எங்கை பிள்ளை? ஒண்டும் கேக்கேல்லை. சத்தத்தைக் கூட்டு."

தேனுகா கூட்டினாள். அவளுடைய குரலை எடுத்துவிட்டு யாரோ போட்டிருந்த சண்டைப் பாட்டு ஒன்றுதான் பெரிதாகக் கேட்டது.